எலன் வில்லிஸின் காது

இசை விமர்சகர்களுக்குப் பல் விழுந்துவிட்டது என்பது அமெரிக்காவில் இப்போது அடிக்கடி கேட்கும் புலம்பல். எந்த ஆல்பம் வந்தாலும் பாராட்டிவிடுகிறார்கள், ரசிகர் படைக்குப் பயப்படுகிறார்கள், பழைய ராக் விமர்சகர் லெஸ்டர் பாங்ஸைப் போலக் கிழித்துத் தொங்கவிட ஆளில்லை என்கிறார்கள். பயம் உண்மைதான். 2024-இல் டெய்லர் ஸ்விஃப்டின் ‘தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்’ ஆல்பத்தைக் கடுமையாகச் சாடிய பேஸ்ட் இதழ், எழுதியவரின் பாதுகாப்புக் கருதி அவர் பெயரையே போடவில்லை. 2019-இல் ஸ்விஃப்டின் ‘லவர்’ ஆல்பத்தின் மதிப்புரைக்கு வந்த மிரட்டல்களைக் காரணமாகச் சொன்னது. இது வெட்கக்கேடு. ஆனால் இதற்கு மருந்து பழைய முரட்டுத்தனம்தான் என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

ராக் விமர்சன இதழ்களின் தொடக்கக் கதை தெரிந்ததுதான். 1966-இல் கல்லூரி மாணவர் பால் வில்லியம்ஸ் தொடங்கிய க்ராடாடி, அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ரோலிங் ஸ்டோன், 1969-இல் டெட்ராய்ட்டின் க்ரீம். அந்த வீரதீரக் காலத்தில்தான் ரோலிங் ஸ்டோன் லெட் செப்பெலினின் முதல் ஆல்பத்தை அலட்சியமாகத் தூக்கி எறிந்தது. பாங்ஸ் அந்த இதழில் நுழைந்ததே எம்சி5 குழுவின் ஆல்பத்தைத் திட்டித்தான். பிறகு அதே ஆல்பத்தின் பக்தரானார். பாங்ஸின் உரைநடையில் மின்சாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்து எழுத வந்த இளைஞர்கள் எடுத்துக்கொண்டது அவருடைய வசவை மட்டுமே.

அதே காலத்தில் இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். பாப் டிலன் பற்றி 1967-இல் சீட்டா இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டே நியூயார்க்கர் 26 வயது எலன் வில்லிஸைத் தன் முதல் பாப் இசை விமர்சகராக அமர்த்தியது. 1975 வரை எழுதினார். 1969-இல் ஷுலமித் ஃபயர்ஸ்டோனுடன் சேர்ந்து ரெட்ஸ்டாக்கிங்ஸ் என்ற பெண்ணிய அமைப்பைத் தொடங்கியவரும் இவரே. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மீது தீராத காதல், பெண் விடுதலையில் அசையாத நம்பிக்கை, இரண்டையும் விட்டுக்கொடுக்க மறுத்தார். அந்த மறுப்பிலிருந்துதான் அவருடைய விமர்சனம் பிறந்தது.

ஒரு சான்று போதும். ‘அண்டர் மை தம்ப்’ பாடலில், ஒரு காலத்தில் தன்னை ஆட்டிவைத்த பெண் இன்று தன் பிடியில் என்று ஸ்டோன்ஸ் கொக்கரிக்கிறார்கள். கேட் ஸ்டீவன்ஸின் ‘வைல்ட் வேர்ல்ட்’, பிரிந்து போகிற காதலிக்கு, உலகம் பொல்லாதது, பார்த்துப் போ என்று கனிவாகச் சொல்கிறது. எந்தப் பாட்டு பெண்ணை அதிகம் சிறுமைப்படுத்துகிறது? பாடுபவரின் பாலினத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் வில்லிஸ். முதல் பாட்டை ஒரு பெண் பழிதீர்த்த களிப்போடு தாராளமாகப் பாடலாம். இரண்டாவதை, தன்னை விட்டுப் போகும் ஆணைப் பார்த்து ஒரு பெண் பாடுவதாகக் கற்பனை செய்வதே கடினம். கனிவுக்குள் ஒளிந்திருந்த மேட்டிமையை இவ்வளவு எளிய சோதனையில் வெளியே இழுத்துப் போட்டவர் வேறு யார்?

1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘பாடீஸ்’ வந்தது. கருக்கலைப்பை அருவருப்போடு பேசும் பாட்டு. வில்லிஸ் ஓடவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆசையையும் வெறுப்பையும் ஒளிக்காமல் கத்துகிற இசை, பெண்ணுக்கு எதிராகவே பேசினாலும் தனக்குத் துணிவு தருகிறது; கொள்கை சரியாக இருந்தும் பயந்து பயந்து பாடுகிற இசை தன்னையும் பயந்தவளாக்குகிறது என்று எழுதினார். பாட்டு தன் உடம்பிலும் அரசியலிலும் என்ன செய்கிறது என்பதை ஒருசேரக் கவனித்த எழுத்து இது. பாங்ஸின் தொகுப்பு 1987-இல் வந்தது, 2000-இல் அவர் சினிமாப் பாத்திரமும் ஆனார். வில்லிஸின் இசைக் கட்டுரைகள் 2011-இல்தான் தனி நூலாயின, அதுவும் அவர் மகளின் முயற்சியால். அதற்கு ஐந்தாண்டு முன்பே அவர் இறந்துவிட்டார்.

மற்ற விமர்சகர்கள் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-இல் பள்ளி ஆசிரியர் போல ஏ, பி, சி போட ஆரம்பித்தார். அவருக்காவது ஒரு பத்தியில் ஒரு வாதத்தை அடக்கும் வித்தை தெரியும். பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் அதைப் பத்துக்கு எத்தனை என்று தசமப் பின்னம் வரை கொண்டுபோனது. பாடகி லிஸ் ஃபேர் 2003-இல் பாப் பக்கம் திரும்பிய குற்றத்துக்காக 0.0 வாங்கினார். 2021-இல் அதே இதழ் அதை 6.0 ஆக்கியது. இடையில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. முரட்டுத்தனத்துக்கு ஏங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். கிட்டார் பையன்களின் ரசனையே அளவுகோலாக இருப்பதை 2004-இல் நியூயார்க் டைம்ஸில் கெலஃபா சன்னே கேள்வி கேட்டது மிகச் சரி. ஆனால் அதற்குப் பின் வந்தவர்கள் பாப் பாடகர்களுக்கு மரியாதை செய்தால் போதும் என்று நின்றுவிட்டார்கள்.

வில்லிஸின் வேலையைத் தொடர்ந்தவர்கள் ஹிப்ஹாப் பக்கத்தில் இருந்தார்கள். 1994-இல் நாஸின் ‘இல்மேடிக்’குக்கு தி சோர்ஸ் இதழில் ஐந்து மைக் (அங்கே அதுவே முழு மதிப்பெண்) கொடுத்து எழுதிய மின்யா ஓ என்ற இளம்பெண்ணை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஜோன் மார்கன் 1999-இல் ஒரு நூலே எழுதினார். ராப் பாடல்களில் பெண் மீது கொட்டப்படும் வெறுப்பைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளாமல், அதைப் பாடுகிற கறுப்பின ஆணின் வலியையும் கேட்க வேண்டும்; கேட்டுவிட்டு அவனிடம் கணக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. பின்ன மதிப்பெண்ணில் அடங்காத நிலை இது.

ஈழத் தமிழ் வேர் கொண்ட பாடகி எம்.ஐ.ஏ. விஷயத்தில் இந்தக் காது இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தந்தையின் இயக்கப் பெயர் தாங்கிய ‘அருளர்’ 2005-இல் வந்தபோது, லண்டன் ஓவியக் கல்லூரியில் படித்தவருக்கு இந்தக் கலகம் சொந்தமா என்று துருவினார்கள். அம்மா பெயரில் வந்த ‘கலா’வை ரோலிங் ஸ்டோன் 2007-இன் சிறந்த ஆல்பம் என்றது. 2010 ஜூலையில் தன் பெயரிலேயே ‘மாயா’வை வெளியிட்டார். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பதினான்கு மாதம். துளைக்கருவி இரைச்சலும் எச்சரிக்கைக் கூச்சலுமாக இருந்த ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 4.4 போட்டது. ஆல்பம் தோற்றிருக்கலாம், நானே சில பாடல்களைத் தாண்டிவிடுவேன். ஆனால் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் துப்பாக்கிச் சத்தத்தைத் தாளமாக்கி உலகத்தையே ஆட வைத்த பெண், மூன்றே ஆண்டில் ஆட விடாத இரைச்சலுக்கு ஏன் போனார் என்ற கேள்வி நான் படித்த மதிப்புரைகளில் இல்லை. இனி அந்த ஆல்பத்தைப் பற்றி எழுத வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும்.