தேயிலைப் பாட்டில் பறையும் மண்ணும்

இக்காலக் கவிதையைப் பாடம் சொல்லும்போது நம்மில் பலர் ஒரே வழியில்தான் நடக்கிறோம். பாட்டின் கருத்தை முதலில் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். பிறகு எதுகை இங்கே, மோனை இங்கே, உவமை இங்கே என்று கோடிட்டுக் காட்டுகிறோம். துயரப் பாட்டாயின் 'அவலச் சுவை' என்று பெயர் சூட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த அவலம் எந்தச் சொல்லில் பிறந்தது, கவிஞர் எதைச் சொல்லாமல் விட்டதால் அது பெருகிற்று என்ற வினா எழுவதேயில்லை.

கம்போங் ராஜாவிலும் அதனை அடுத்த புளூ வேலித் தேயிலைத் தோட்டத்திலும் இப்பழக்கத்தால் நேரும் இழப்பு பெரிது. அங்கு வளரும் தமிழ்ப்பிள்ளைக்குத் தேயிலை ஓர் உவமைப்பொருள் அன்று; அவன் பாட்டியின் விரல்நுனியில் ஏறிய கறை. மலேசியாவில் தமிழர் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களிலேயே உழைத்தனர். ஆகவே நம் கவிஞர் பாடியதும் பால்மரத்தையே மிகுதி. தேயிலைக்குத் தனிக்குரல் வேண்டுவோர் கடல் கடந்து இலங்கையின் மலைநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அங்கே சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இருந்தார். தோட்டத்திலே பிறந்தவர், 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அவர் 1954-இல் வெளியிட்ட நெடுங்கவிதை ஆங்கிலத்தில் அமைந்தது. சக்தீ பால ஐயா அதனை 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். 1969-இல் அது நூலாயிற்று. ஒரே பொருள் இரு கைகளில் இரு வேறு கவிதையாக மாறியிருப்பதால், கவித்திறத்தைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முதலில் பறையைக் கவனிப்போம். விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கும் தப்பொலி இக்கவிதையில் அதிர்கிறது. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும் இடத்தில் பறையையும் தொழிலையும் சேர்த்தே சொல்வார். குறிஞ்சிக்குரிய பறை தொண்டகம். தொழில் தேன் அழித்தலும் தினை காத்தலும். மலை அதுவே, மழையும் பனியும் அவையே. ஆனால் தேயிலை மலையின் பறை முருகனுக்காக முழங்குவதன்று, கூலிக் கணக்குக்காக முழங்குவது. தினைப்புனத்துப் பெண் கிளி ஓட்டினாள். அவளுக்குக் காதலுக்கும் பொழுதிருந்தது. கொழுந்து பறிப்பவளுக்கு நிறை பார்க்கும் வேளை ஒன்றே பொழுது. குறிஞ்சி வெம்மையால் திரிந்தால் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். இங்கே வெயிலே இல்லாமல் குறிஞ்சி பாலையாகிவிட்டது. ஒரு தப்பின் ஒலியைக் கொண்டே கவிஞர் இதை உணர்த்திவிடுகிறார், விளக்கம் சொல்லவில்லை.

அடுத்தது மண். மாண்ட தொழிலாளர் தேயிலைச் செடியின் அடியிலேயே புழுதியாய்க் கிடக்கின்றனர் என்பது மூலத்தில் வரும் செய்தி. அவர்கள் மேட்டின்மேல் ஒரு காட்டுப்பூவும் இல்லை, நினைவுக்குறி எதுவும் இல்லை என்று இல்லாதவற்றையே சொல்லிச் செல்கிறார் வேலுப்பிள்ளை.  1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பலரை நாடற்றவராக்கி ஆறாண்டு கழிந்தபின் வந்த கவிதை இது. உயிரோடிருப்பவனுக்கே பதிவேட்டில் பெயர் இல்லாத நாட்டில், செத்தவனுக்குக் கல் இல்லை என்ற ஒரு குறிப்புப் போதும். 

தமிழாக்கியவர் இதனை அப்படியே கொண்டுவரவில்லை. தகப்பன் அடங்கிய அதே மண்ணின்மேல் மகன் கால்வைத்து ஏறுகிறான் என்று காட்சியை மாற்றிவிட்டார். மூலம் கிடக்கும் உடலைக் காட்டியது. தமிழ் நடக்கும் காலைக் காட்டுகிறது. குறுகிய அடிகள், துள்ளும் சந்தம். புதைந்த ஆழத்தையும் ஏழை மகனையும் எதுகை ஒன்று பிணைக்கிறது. வகுப்பில் நாம் வெறும் ஓசையழகு என்று கோடிடும் எதுகை, இங்கே தந்தையின் குழியையும் மைந்தனின் அடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வேலையைச் செய்கிறது. படிக்கும் நாமும் அந்தச் சந்தத்திலே மிதித்துக்கொண்டு போகிறோம். மிதித்தது எதன்மேல் என்பது அடி முடிந்த பிறகே உறைக்கிறது.

இதனை 'மூலத்துக்கு மாறு' என்று குறை கூறுவோரும் உண்டாகலாம். மாறுதான். ஆனால் மலைநாட்டார் வாய்ப்பாட்டின் நடைக்கு மூலத்தைவிடத் தமிழே நெருங்கி நிற்கிறது. அந்த வாய்ப்பாட்டுகளை வேலுப்பிள்ளையே திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983-இல் தந்தார் என்பதை எண்ணிப் பார்க்க. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட துயரம் தன் பிறந்த வீட்டுத் தாளத்துக்குத் திரும்பியது என்றே நான் கொள்வேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது: சந்தம் விரைவதால் மூலத்தின் நீண்ட மௌனம் சில இடங்களில் கரைந்துபோகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கே இந்த வரவும் செலவும் விளங்கும்.

கேமரன் மலையில் இன்று பிரட்டுக்குத் தப்படிக்கும் வழக்கம் இல்லை. கொழுந்தைப் பெரிதும் இயந்திரமே வெட்டுகிறது. தோட்ட வேலையும் பெருமளவு வங்காளதேசம் முதலிய அயல்நாட்டாரிடம் போயிற்று. ஆதலால் இக்கவிதை பழங்கதை என்று ஒதுக்கலாகாது. கம்போங் ராஜா மாணவனிடம் இக்கவிதையைக் கொடுத்து, 'இதன் மையக்கருத்து யாது?' என்று கேட்பதை விட்டு, 'இம்மண்ணில் யார் பெயர் எழுதப்படவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். அவன் முதலில் தன் பாட்டனைச் சொல்வான். சற்றுப் பொறுத்தால், இப்போது சரிவில் இயந்திரம் பிடித்து நிற்பவனையும் சொல்லக்கூடும்.