ஆடை களைதலும் அவா அறுத்தலும்

யோகம் என்னுஞ் சொல் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. வழங்குமிடந்தோறும் அவ்வவ்விடத்தார் வேட்கைக்கேற்ப அது புதுக்கோலம் பூணுகின்றது. அக்கோலங்களுள் ஒன்று, பலர் ஒருங்குகூடி ஆடையின்றி ஆசனமுந் தியானமும் பயிலுதலாகும். மேனாடுகளில் இஃது அரை நூற்றாண்டாக நிலவுகின்றது. 1974 ஆம் ஆண்டில் வெளிவந்து இதனைப் பொருளாகக் கொண்ட குறும்படமொன்று ஒசுக்கார்ப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்படவும் பெற்றது. இதனைப் போற்றுவோருட் சிலர், இது பாரத நாட்டுப் பழந்தவ மரபின் தொடர்ச்சியே என்பர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அன்னார் தமக்குத் துணையாகக் காட்டத்தக்க மிகப் பழைய சான்று கிரேக்கருடையதாகும். கி. மு. 326 இல் அலெக்சாந்தர் தட்சசீலத்தை அடைந்தபோது, அவன் ஏவலால் ஒனேசிக்கிரித்தசு என்பான் அந்நகர்ப்புறத்துத் தவத்தோரைக் காணச் சென்றான். அவர் பதினைவர், ஆடையின்றி, நின்றும் இருந்தும் கிடந்தும் மாலைவரை அசைவற்றிருந்தனர் என அவன் உரைத்ததை இசுத்திராபோ என்னும் ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். அவருட் கலானசு என்பவர், உடையைக் களைந்து தம்மோடு கல்லின்மேல் அமர்ந்தாலன்றி உபதேசம் இல்லையென நகைத்தனர். மூத்தவராகிய மந்தானிசோ அவரது செருக்கைக் கடிந்து, உடையோடு நின்ற அவ்வயலானுக்கே தங்கருத்தை எடுத்துரைத்தனர். ஆடை களைதலை நிபந்தனையாக்கியவர் பின்னர் அரசனைத் தொடர்ந்து பாரசீகஞ் சென்றனர். ஆக்காதவர் தம்மிடத்திலேயே தங்கினர். ஆகவே அச்சான்று ஒருதலையாக ஆடையின்மையைப் போற்றுவதன்று; அதனை ஆராயும் மாறுபாட்டையுந் தன்னுட் கொண்டது.

ஆடையின்மையை ஒழுக்கமாகவே வகுத்துக் கொண்டவர் திகம்பர சமணர். அவர்பால் அஃது இறுதிப் படியாகும். சுல்லகர் ஈராடை உடையர். ஐலகர் கோவணம் ஒன்றே உடையர். முனிவரே அதனையும் விடுவர். பின்னர் மயிற்பீலியுங் குண்டிகையுமன்றி வேறு பொருள் அவர்க்கில்லை. கையே கலமாக நின்றுண்பர். ஈண்டு ஆடை துறத்தல், வீடும் பொருளுஞ் சுற்றமுந் துறந்ததன் முடிவாக வருவது. மீண்டும் உடுத்தற்கு இடமில்லாதது. இத்தகையோர் ஈழத்துக்கும் புதியரல்லர். பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் நிகண்டர்க்கும் ஆசீவகர்க்கும் இருக்கை அமைத்தான் என மகாவமிசங் கூறும். நிகண்டராகிய கிரி என்பார் வாழ்ந்த இடத்திலேயே வட்டகாமணி அபயன் பின்னர் அபயகிரி விகாரையை எழுப்பினான் என்பதும் அந்நூற் செய்தியே. மணிமேகலையும் ஆசீவகர், நிகண்டர் கொள்கைகளை வஞ்சி மாநகரிற் கேட்கின்றாள். ஆண்டு ஆராயப்படுவன அவர்தங் கோட்பாடுகளே.

பௌத்தமோ ஆடையின்மையை விலக்கிற்று. ஆடையின்மை அவாச் சுருக்கத்துக்குத் துணையாகும் என்று துறவி ஒருவர் வேண்டியபோதும் புத்தர் உடன்படவில்லை என்பது விநயபிடகத்தாற் புலனாம். சைவ மரபினுள் நாகர் எனப்படுந் துறவியர் கும்பமேளாவில் நீறணிந்து குழுவாக நீராடுவர். எனினும் அவரும் நெடுநாட் சோதனைக்குப் பின்னரே அந்நிலை எய்துவர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கன்னட நாட்டில் வாழ்ந்த அக்கமாதேவியார் வரலாறு இன்னுங் கூர்மையானது. ஆடையை விட்டவர் கூந்தலால் மேனியை மறைப்பதேன் என அல்லமப் பிரபு வினவினார் என்றும், காண்போர் உள்ளம் ஊறுபடாமைப் பொருட்டே என அம்மையார் விடையிறுத்தார் என்றும் வீரசைவ மரபு கூறும். தன் விடுதலை பிறர்க்கு இடராகலாகாது என்னும் அவ்வுணர்வு ஆடையினும் நுண்ணியதோர் ஆடையன்றோ?

இனி, யோக நூல்களை நோக்குவோம். பதஞ்சலியார் இருக்கை நிலையாகவும் இனிதாகவும் அமைதல் வேண்டும் என்றாரேயன்றி உடையைப்பற்றி விதித்திலர். பிறர் பொருளை ஏலாமையையோ இயமத்துள் ஒன்றாக வைத்தார். அடயோகப் பிரதீபிகை தனியிடத்துச் சிறுகுடிலைப் பயிற்சிக்கு உரியதாகக் கூறுகின்றது. வேடம் பூணுதலாற் சித்தி வாராது என்றும் வற்புறுத்துகின்றது. வேடம் பூணுதல் பயனற்றதாயின், ஆடையின்மையையே அடையாளமாகக் கொள்ளுதலும் ஒரு வேடமேயாம். மழித்தலும் நீட்டலும் வேண்டா என்ற வள்ளுவர் கருத்தும் இதுவே.

புதிய பயிற்சியினர் கூறும் நியாயத்தைப் புறக்கணித்தலுந் தகாது. உடலைக் குற்றமுடையதென வெறுத்தல் மனநோயாகலாம். உடலினுள்ளே இறைவனைக் கண்ட திருமூலர் அதனைப் பேணிய திறத்தைத் தமிழர் அறிவர். நாணத்தினின்றும் விடுபட விரும்புதல் இழிந்த நோக்கமன்று. ஆயின் அந்நோக்கத்தின் வழிமரபு வேறு. 1891 இல் பம்பாய் மாகாணத்துத் தானாவில் குரோபர்டு என்னும் ஆங்கில நீதிபதி ஆடையிலார் கழகமொன்றை அமைத்தார், உறுப்பினர் மூவரே. அவர் காட்டிய காரணங்கள் உடல்நலமும் ஒழுக்கமும் அழகுணர்வுமாம், வீடுபேறன்று. இன்றைய பயிற்சி அவ்வழிப்பட்டதெனச் சொல்லிக்கொள்ளின் அதன்மேற் குறையில்லை. தவத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளும்போதே வினா எழுகின்றது. ஆசிரியன் சொல்லை மாணாக்கன் எளிதில் மறுக்கவியலாத குழுவில் அவ்வினா பின்னும் வலியுறும். கலானசைக் கடிந்த மந்தானிசு ஆண்டு இல்லையெனின் மறுப்பவர்க்குத் துணை யார்?

ஊவா மலைநாட்டார்க்கு இஃது ஏட்டளவான ஆராய்ச்சியன்று. எல்ல முதலிய ஊர்களிற் சுற்றுலா விடுதிகள் யோகப் பயிற்சியையுந் தம் வசதிகளுள் ஒன்றாக அறிவிக்கின்றன. யோகம் யாதென மலையக இளைஞர் அங்கிருந்தே அறியும் நிலையும் உண்டு. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தது. தென்னாட்டினின்றும் இம்மலைகளுக்கு வந்த முன்னோர்க்குக் கம்பளி உயிர்க்காவலாயிருந்தது. இன்றுங் கொழுந்தெடுக்கும் பெண் மழைக்கும் பனிக்கும் அஞ்சி இடுப்பிற் படங்கு கட்டுகின்றாள். ஆடைக்கு அலமந்த மக்களின் வழித்தோன்றல்கள் ஒன்றை உணர்தல் நன்று: இல்லாமை வேறு, களைதல் வேறு, துறத்தல் வேறு. இல்லாமை வறுமையால் வருவது. களைதல், கொடியில் மாட்டிய உடையை ஒரு மணிநேரத்தில் மீண்டும் எடுத்து உடுத்தற்கு இடந்தருவது. துறத்தலோ, கொடியையும் வீட்டையுங் கூட விட்டுச் செல்வது. இம்மூன்றனையும் ஒன்றெனக் கொள்ளாதவரை, உடுத்திருந்தே ஓரிடத்து அமைதியாக அமரும் ஏழைத் தொழிலாளியின் தியானமும் குறைவுடையதாகாது.