குறைபோட்டித் தேடுசொல்: தமிழ்ச் சூழலில் ஓர் அளவுகோலின் திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையதளங்களைத் தேடுபொறிகளில் முன்னிறுத்த விரும்புவோர், போட்டி குறைந்த தேடுசொற்களைக் கண்டறிந்து அவற்றை மையமாகக் கொண்டு உள்ளடக்கம் அமைப்பது பரவலான நடைமுறையாகியுள்ளது. இந்நடைமுறை கையாளும் மூன்று அளவுகோல்களை இக்கட்டுரை திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. நீரிழிவு நோயைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன. ‘போட்டி குறைவு’ என்னும் ஒரே முடிவு, நிறைவுறாத் தேவை, எழுத்துவடிவச் சிதறல், தரவு வெற்றிடம் ஆகிய மூன்று வேறுபட்ட நிலைமைகளை ஒன்றாக்கி மறைக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குறைபோட்டித் தேடுசொல், தமிழ்த் தேடுபொறி உகப்பாக்கம், தரவு வெற்றிடம், சொல்வடிவச் சிதறல், நீரிழிவு – சர்க்கரை நோய் – சலரோகம்

முன்னுரை

ஒருவர் தேடுபொறியில் இடும் சொல் அவருடைய தேவையின் வெளிப்பாடு. அத்தேவையை ஆண்ட்ரே பிரோடர் 2002ஆம் ஆண்டில் மூன்றாகப் பகுத்தார். குறிப்பிட்ட தளத்தை அடைதல், தகவல் அறிதல், வாங்குதல் முதலான செயலொன்றை நிறைவேற்றுதல் என்பன அவை. தேடுபொறி உகப்பாக்கத்தில் ஈடுபடுவோர் இப்பகுப்பைத் தம் தொழிலுக்கு அடிப்படையாக்கிக்கொண்டனர். பெருந்தளங்கள் முதலிடங்களைப் பிடித்துள்ள பொதுச்சொற்களைத் தவிர்த்து, நீண்ட, குறிப்பான சொற்றொடர்களைச் சிறு தளங்கள் நாட வேண்டும் என்பது அவர்களின் அறிவுரை. கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் எழுதிய ‘நீள்வால்’ குறித்த கட்டுரை இவ்வறிவுரைக்கு ஒரு பொருளியல் விளக்கத்தை அளித்தது. தனித்தனியே சிறியனவாகிய தேவைகள் ஒன்றுசேர்ந்து பெருஞ்சந்தையாகின்றன என்பது அதன் சாரம்.

இவ்வறிவுரை தமிழுக்கும் அப்படியே பெயர்த்துரைக்கப்படுகிறது. தமிழில் போட்டி குறைவு, ஆகவே வாய்ப்பு மிகுதி என்னும் கூற்றைப் பல இடங்களில் காணமுடிகிறது. ஆனால் எந்தப் போட்டி குறைவு, அதனை அளந்தது எது, அளக்கப்பட்டது தமிழ்ச்சொல்லா அல்லது அதன் ஒரு வடிவமா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாக்களை எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டி என்பதன் மூன்று பொருள்கள்

முதலாவது அளவுகோல் கூகுள் கீவேர்டு பிளானர் தரும் ‘போட்டி’ நிரலாகும். குறைவு, நடுத்தரம், உயர்வு என அது மூன்று நிலைகளைக் காட்டும. இக்கருவி விளம்பரதாரர்களுக்காக உருவாக்கப்பட்டது. அது சுட்டும் போட்டி, அச்சொல்லுக்கு விளம்பர இடம் கோருவோரிடையே நிலவும் போட்டியேயன்றி இயல்பான தேடல் முடிவுகளில் பக்கங்களுக்கிடையே நிலவுவதன்று. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018ஆம் ஆண்டில்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆகவே ஒரு தமிழ்ச்சொல்லுக்கு ‘குறைவு’ என்று காட்டப்படுமாயின், அச்சொல்லை விலைகொடுத்து வாங்க முன்வருவோர் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். எழுதியோர் குறைவு என்றோ தேடுவோர் குறைவு என்றோ அதிலிருந்து பெறமுடியாது.

இரண்டாவது அளவுகோல், அஹ்ரெஃப்ஸ் போன்ற நிறுவனங்கள் தரும் கடின எண்ணாகும். அஹ்ரெஃப்ஸ் தரும் எண் 0 முதல் 100 வரை அமையும். முதற் பத்து முடிவுகளில் இடம்பெறும் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் தொடுப்புக் கொடுத்துள்ளன என்பதைக் கொண்டு அது கணிக்கப்படுகிறது. ஆய்வுலகில் மேற்கோள் எண்ணிக்கைக்கு இணையானது இது. 1998இல் செர்கெய் பிரின், லாரி பேஜ் ஆகியோர் முன்வைத்த தரவரிசை முறையும் இவ்வொப்புமையை அடியொற்றியதே. ஆனால் தமிழ்த் தளங்கள் ஒன்றற்கொன்று தொடுப்புக் கொடுக்கும் வழக்கம் மெலிந்திருக்குமாயின், எல்லாத் தமிழ்ச்சொற்களும் எளியனவாகவே தோன்றும். இங்கு அளக்கப்படுவது சொல்லின் இயல்பு அன்று. எழுதுவோரின் தொடுப்பு வழக்கமே.

மூன்றாவது அளவுகோல், தேடுசொல் பொன்விகிதம் எனப்படுவது. ஒரு சொற்றொடரின் எல்லாச் சொற்களையும் தலைப்பில் கொண்ட பக்கங்களின் எண்ணிக்கையை, அச்சொற்றொடரின் மாதாந்தரத் தேடல் எண்ணிக்கையால் வகுப்பது அதன் முறை. தேடல் எண்ணிக்கை 250க்கு மிகாதிருக்கும்போது விகிதம் 0.25க்குக் கீழிருப்பின் அச்சொல் உகந்தது என்றும், 1க்கு மேற்படின் தவிர்க்கத்தக்கது என்றும் கொள்ளப்படுகிறது. மூன்றனுள் இதுவே பக்கங்களை நேரே எண்ணுவது, செலவற்றதும்கூட. சிறு தளத்தாரிடையே இது செல்வாக்குப் பெற்றதற்கு இவ்வெளிமையே காரணம் எனலாம். எனினும் தமிழில் இம்முறை பொய்த்துவிடுகிறது. அதன் காரணத்தைச் சொல்வடிவங்களில் காணவேண்டும்.

சொல்வடிவச் சிதறல்

தொல்காப்பியம் திரிசொல்லை இருவகைப்படுத்துகிறது. பல சொல் ஒரு பொருளைக் குறிப்பதும், ஒரு சொல் பல பொருளைக் குறிப்பதும் அவ்வகைகள். நிகண்டு மரபு இவ்விரண்டையும் தனித்தனித் தொகுதிகளாகவே வளர்த்தெடுத்தது. ஒரு பொருளைத் தேடி வருபவர் எச்சொல்லோடு வருவார் என்பது தமிழ் அறிவுமரபுக்குப் புதிய சிக்கல் அன்று.

நீரிழிவு நோயை எடுத்துக்கொள்ளலாம். பாடநூலிலும் மருத்துவ எழுத்திலும் ‘நீரிழிவு’ பயில்கிறது. தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் ‘சர்க்கரை நோய்’, பேச்சில் ‘சுகர்’, யாழ்ப்பாண வழக்கில் ‘சலரோகம்’ என அந்நோய் பெயர் பெறுகிறது. இவற்றோடு புணர்ச்சியும் வேற்றுமை உருபும் சேர்கின்றன. ‘சர்க்கரை நோய்க்கு’, ‘சர்க்கரைநோய்க்கு’, ‘சர்க்கரை நோயால்’, ‘சர்க்கரை நோயாளி’ என ஒவ்வொன்றும் எழுத்துச்சரம் என்ற அளவில் வேறானது. ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படும் தமிழைக் கணக்கிற்கொண்டால் வடிவங்கள் மேலும் பெருகும்.

இச்சிதறல் அளவீட்டை எவ்வாறு திரிக்கிறது என்பதைக் கற்பிதமான கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு பேச்சுவழக்குத் தொடரை மாதம் 40 பேர் தேடுவதாகவும், அத்தொடரைத் தலைப்பில் கொண்ட பக்கங்கள் 8 இருப்பதாகவும் கொள்வோம். விகிதம் 0.2, ஆகவே அது குறைபோட்டிச் சொல். அதே பொருளுடைய எழுத்துவழக்குத் தொடரை 40 பேர் தேட, 60 பக்கங்கள் அதனைத் தலைப்பில் கொண்டிருப்பின் விகிதம் 1.5, தவிர்க்கத்தக்க சொல். தேடுபொறி இவ்விரண்டையும் ஒரே பொருளாக அறிந்து ஒரே முடிவுப் பட்டியலைத் தருமாயின், மெய்யான விகிதம் 68ஐ 80ஆல் வகுத்துப் பெறும் 0.85 ஆகும். முதற் கணக்கு காட்டிய எளிமை எழுத்துவடிவத்தால் விளைந்த மாயத்தோற்றம்.

தேடுபொறிகள் அத்திசையிலேயே நகர்ந்துள்ளன. 2013இல் ஹம்மிங்பேர்டு, 2015இல் ரேங்க்பிரெயின், 2019இல் பெர்ட் எனக் கூகுள் அறிவித்த மாற்றங்கள் யாவும் எழுத்துச்சரப் பொருத்தத்திலிருந்து பொருட்பொருத்தம் நோக்கிய நகர்வுகள். நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னெப்போதும் தேடப்படாதவை என்று அந்நிறுவனம் கூறிவருகிறது. கடந்தகால எண்ணிக்கையை மட்டும் நம்பும் கருவிக்கு இப்பகுதி புலப்படாது. வடிவங்கள் மிகுந்த தமிழில் ஒவ்வொரு வடிவத்தின் எண்ணிக்கையும் தனித்தனியே குறுகுவதால், மெய்யான தேவைகூடச் சுழியமாகத் தோற்றமளிக்க வாய்ப்புண்டு.

இங்கு ஒரு கருத்துக்குழப்பத்தையும் சுட்டவேண்டும். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல், ஒரு தொகுப்பில் அரிதாக வரும் சொல்லே ஆவணங்களை வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் மிக்கது என நிறுவினார். குறைபோட்டிச் சொல் என்னும் கருத்தாக்கம் இதன் நீட்சிபோல் தோன்றினும் அவ்வாறன்று. அரிதாதல் தொகுப்பின் பண்பு; போட்டி தேடுவோருக்கும் எழுதுவோருக்கும் இடையிலான உறவு. அரிதான சொல் தேவையான சொல்லாகவும் இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

வெற்றிடத்தின் அறம்

மைக்கேல் கோலெபியெவ்ஸ்கி, டானா பாய்ட் ஆகியோர் 2018இல் ‘தரவு வெற்றிடம்’ என்னும் கருத்தாக்கத்தை விரித்துரைத்தனர். ஒரு தேடுசொல்லுக்குப் பொருத்தமான உள்ளடக்கம் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கும் நிலையை அது குறிக்கிறது. அவ்விடத்தைத் தவறான நோக்கமுடையோர் எளிதில் நிரப்பிக்கொள்ள முடியும் என்பது அவர்களின் எச்சரிக்கை. உகப்பாக்கக் கையேடு ‘வாய்ப்பு’ என்று அழைப்பதும் இவ்வாய்வு ‘வெற்றிடம்’ என்று அழைப்பதும் பெரும்பாலும் ஒன்றே. ஒன்று எழுதுவோர் பக்கத்திலிருந்தும் மற்றொன்று தேடுவோர் பக்கத்திலிருந்தும் அதனைப் பார்க்கின்றன.

‘சர்க்கரை நோய் நிரந்தரமாகக் குணமாக’ என்னும் தொடரைக் கருதுவோம். மருத்துவர் இத்தலைப்பில் எழுதத் தயங்குவார். அவர் விலகிய இடத்தில் போட்டி தானே குறையும். குறைபோட்டியைத் தேடித் திரிபவருக்கு அது கவர்ச்சியான சொல். அதனை நம்பி முதல்வகை நீரிழிவு உடையவர் இன்சுலினை நிறுத்துவாராயின், கீட்டோ அமிலத்தேக்கம் ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரும். இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், தன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. நீரிழிவு அவ்வட்டவணையில் இடம்பெற்றுள்ளது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் அடையாளங்கண்ட ஆபத்து, இன்று தேடுசொல் பட்டியலில் ‘எளிது’ என்னும் குறியோடு வந்து நிற்கிறது.

இதன் மறுபக்கம் மேலும் கவலைக்குரியது. இரண்டாம்வகை நீரிழிவு சிலருக்கு மருந்தின்றியே கட்டுக்குள் அடங்கும் நிலையை எய்தக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. பிரித்தானியாவில் நடைபெற்று 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்குட்பட்டவர்களும் இன்சுலின் எடுத்துக்கொள்ளாதவர்களுமான பங்கேற்பாளர்கள் மேற்பார்வையுடன் கூடிய எடைக்குறைப்புத் திட்டத்திற்கு உட்படுத்தப்பட்டனர். ஓராண்டு நிறைவில் அவர்களுள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் அந்நிலையை எய்தினர். அது நிரந்தரக் குணம் அன்று. எடை கூடினால் நோய் மீளும். இந்நிலையைக் குறிக்கத் தமிழில் பொதுமக்கள் அறிந்த ஒரு சொல் நிலைபெறவில்லை. ஆகவே உண்மையை எழுதுபவர் ‘நோய்த்தணிவு’ போன்ற ஆக்கச்சொல்லைப் பயன்படுத்தினால், தேடல் எண்ணிக்கை இல்லை என்று கருவி கூறும். பொய்யை எழுதுபவருக்கோ மக்கள் நாவில் வழங்கும் ‘குணம்’ ஆயத்தமாக உள்ளது. கலைச்சொல்லாக்கம் வழக்கோடு இணையாதபோது, தேடுபொறியில் நேர்மை கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. குறைபோட்டி அளவுகோலால் இதனைக் காணவே இயலாது.

மறுப்பும் மதிப்பீடும்

இம்முறை பொருளற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. விளம்பரச் செலவுக்கு வழியில்லாத தனியொருவர் தாம் அறிந்ததை உரியவரிடம் சேர்க்க இது உதவுகிறது என்னும் வாதத்தில் உண்மை உண்டு. பெருந்தளங்கள் கைவிட்ட உள்ளூர்ப் பயிர்முறை, வட்டாரச் சமையல், அரிய நூற்பதிப்பு விவரம் ஆகியவற்றைச் சிறு தளங்களே காத்துவருகின்றன. குறை, முறையின் இருப்பில் இல்லை. அது தரும் ஒற்றை எண்ணை முடிவாகக் கொள்வதில் உள்ளது.

ஆகவே குறைபோட்டி எனக் காட்டப்படும் ஒவ்வொரு சொல்லையும் மூன்று வினாக்களால் பகுத்தறிய வேண்டும். முதலாவது, அதன் பிற வடிவங்களையும் வட்டார வழக்குகளையும் சேர்த்து எண்ணிய பின்னரும் போட்டி குறைவா? இல்லையெனில் அது எழுத்துவடிவச் சிதறல். இரண்டாவது, தக்கார் அச்சொல்லைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டா? உண்டெனில் அது தரவு வெற்றிடம். அதனைத் திருத்தும் உள்ளடக்கமே அங்கு இடம்பெற வேண்டும். மூன்றாவது, தேடுவோர் உண்மையில் உளரா? உளராயின் அதுவே நிறைவுறாத் தேவை. இம்மூன்றாம் நிலைக்கு மட்டுமே ‘வாய்ப்பு’ என்னும் பெயர் பொருந்தும்.

ஆய்வுலகிற்கும் இதில் பங்குண்டு. நம் கட்டுரைகளின் திறவுச்சொற்கள் பெரும்பாலும் தலைப்பின் மறுபதிவாகவோ ‘பண்பாடு’, ‘சமூகம்’ போன்ற பொதுச்சொற்களாகவோ அமைகின்றன. திறவுச்சொல் குறிச்சொல்லை வலைத்தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. எனவே தேடப்படும் சொல் தலைப்பிலும் சுருக்கத்திலும் உடற்பகுதியிலும் இயல்பாக இடம்பெறுவதே பயன்தரும். தரப்பட்ட வடிவம் தலைப்பிலும், வழக்குச்சொற்களும் வட்டாரச்சொற்களும் சுருக்கத்திலும் அமைவது தக்கது. ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒரு பக்கம் எனப் பெருக்குவது வாசகருக்குப் பயனற்றது. தேடுபொறிகளின் விதிகளுக்கும் முரணானது. ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் வெளியான பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றாதவரை அவற்றின் எந்தச் சொல்லும் தமிழ்ச்சொல்லாகத் தேடுபொறியை எட்டாது என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

விளம்பரதாரர் எண்ணிக்கை, தொடுப்பு எண்ணிக்கை, தலைப்பு எண்ணிக்கை ஆகிய மூன்றும் ‘போட்டி’ என்னும் ஒரே பெயரைப் பெற்றிருப்பினும், அவை அளப்பவை வேறுவேறு. தமிழில் சொல்வடிவச் சிதறல் அவற்றை மேலும் திரிக்கிறது. இவ்வளவுகோல்கள் காட்டும் வெறுமை, எழுதுவோருக்கு வாய்ப்பாக இருக்கும் அதே வேளையில், நள்ளிரவில் தன் நோய் குறித்துத் தமிழில் தட்டச்சு செய்யும் ஒருவருக்கு வழிகாட்டியற்ற இடமாகவும் இருக்கிறது. அவர் இடும் சொல் ‘சுகர்’ ஆயினும் ‘சலரோகம்’ ஆயினும், அறிந்தோர் எழுதிய பக்கத்தை அது அடையவேண்டும். அதற்குரிய சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தும் பணி உகப்பாக்கத் தொழிலாரிடம் மட்டும் விடத்தக்கதன்று. நிகண்டுகளைப் பயில்வோரும் மேற்கொள்ள வேண்டிய ஆய்வுப்பணி அது.