ட்ரைக்கின் பின்பம்பர்: வீட்டில் பூட்டலாமா?

வெம்பிளியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் அண்ணை ஒருவருக்குச் சிறு வயதிலேயே ஒரு கால் பலமிழந்துவிட்டது. நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிளைத் தாங்கிப் பிடிக்க அவரால் முடியாது. அதனால் பின்னால் இரண்டு சக்கரம் பூட்டிய ட்ரைக்கில்தான் வேலைக்குப் போய்வருகிறார். போன மாதம் அவர் வீட்டு வாசலில் நீளமான அட்டைப் பெட்டி ஒன்று வந்திறங்கியது. உள்ளே குரோம் பூசிய பின்பம்பர், இரண்டு இரும்புக் கைகள், ஒரு பை நிறையப் போல்டுகள். "தம்பி, பின்னாலை ஒருத்தன் வந்து இடிச்சால் இது தாங்குமோ? நாங்களே பூட்டலாமோ?" என்று கேட்டார்.

இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டார். ஆனாலும் தனித்தனியாக எடைபோட வேண்டிய கேள்விகள் இவை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கார்ப் பம்பர்களுக்கென்று ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 42ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. அதன்படி 445 மில்லிமீட்டர் உயரத்தில், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இடித்துப் பார்க்கிறார்கள், மூலைகளில் 2.5 கிலோமீட்டர்தான். அமெரிக்கக் கார்களுக்கான விதியும் மணிக்கு 2.5 மைல் என்ற வேகத்தைத்தான் கேட்கிறது. இது மனிதர் நடக்கும் வேகம். பம்பர் என்ற பொருளுக்கு உலகம் கொடுத்திருக்கும் வேலை அவ்வளவுதான்: வண்டி நிறுத்தும்போது படும் சின்ன இடி விளக்கையும் உடலையும் உடைக்காமல் பார்த்துக்கொள்வது.

லண்டனின் பெரும்பாலான தெருக்களில் இப்போது வேக எல்லை 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர். 4 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் வேகம் எட்டு மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே கார் கொண்டுவரும் ஆற்றல் 64 மடங்கு. தடித்த குழாய் ஒன்று இதை விழுங்கிவிடும் என்று நம்ப இடமில்லை. பின்னால் வருபவர் பிரேக் பிடிக்கத் தவறினால், ட்ரைக்கில் இருப்பவரை இந்தப் பம்பர் காக்காது. அண்ணையிடம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன்.

அப்படியென்றால் வீண் செலவா? இல்லை. ட்ரைக்குகளின் பின்னுடல் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் அல்லது பிளாஸ்டிக். வீதியோரத்தில் காருக்கும் காருக்கும் இடையே நிறுத்தும் ஊரில், பின்னால் நிற்பவர் காரை முன்னே எடுக்கும்போது ஒரு தட்டுத் தட்டினாலே அது வெடிக்கும். வெடிப்பை ஒட்டலாம், பெயின்ட்டை நிறம் பொருந்த அடிப்பதற்குள் கை நிறையக் காசு போய்விடும். அந்தத் தட்டை வாங்கிக்கொள்ளப் பம்பர் தேவைதான். ஆனால் அது காரின் பம்பர் உயரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நிலத்திலிருந்து 445 மில்லிமீட்டரை அளந்து பாருங்கள். உங்கள் பம்பர் அதற்கு வெகு கீழே இருந்தால், காரின் பம்பர் அதைத் தாண்டி நேராக உடலில்தான் படும்.

எடை கூடி முன்சக்கரம் இலேசாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 கிலோ பம்பர் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருந்து, சக்கரங்களுக்கு இடையே 1.7 மீட்டர் இருந்தால், முன்சக்கரத்திலிருந்து குறையும் பாரம் சுமார் மூன்றரைக் கிலோ. ஐந்நூறு கிலோ வண்டிக்கு இது பொருட்டே இல்லை. ஆகவே இந்த எதிர்வாதத்தைத் தள்ளிவிடலாம்.

தள்ள முடியாத எதிர்வாதம் ஒன்று உண்டு. இடியின் விசை எங்கே போகிறது? பம்பரின் கைகள் எதைப் பிடித்திருக்கின்றனவோ அதற்குத்தான் போகும். உடலைப் பிடித்திருந்தால் உடல் கிழியும். அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பாகத்தில் பூட்டினால், குழிகளில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் பம்பர் குலுங்கிப் போல்டைத் தளர்த்தும். சரியான இடம் சட்டகம் மட்டுமே. அதிலும் கைகள் சட்டகத்தைவிட மெலிந்திருப்பது நல்லது. இடி பட்டால் முதலில் மடங்க வேண்டியது மாற்றக்கூடிய கைதான்.

இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கார்களின் கிராஷ் கார்டுகளை அகற்றச் சொன்னபோது பலர் முணுமுணுத்தார்கள். அந்த இரும்புச் சட்டங்கள் பெரும்பாலும் காரின் முன்பக்கத்தில் பூட்டப்பட்டவை. நடப்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்பதுதான் காரணம். பின்பம்பருக்கு அதே தடையை இழுத்துவர நான் கேட்கவில்லை. விறைத்த இரும்பு இடியை அழிப்பதில்லை, வேறோர் இடத்துக்குக் கடத்துகிறது என்ற பாடம் மட்டும் இங்கேயும் பொருந்தும்.

இனி இரண்டாம் கேள்வி. பையைக் கொட்டி ஒவ்வொரு போல்டாகப் பார்த்தோம். கண்ணாடிபோல் மின்னிய போல்டின் தலையில் "ஏ2-70" என்று பொறித்திருந்தது. அண்ணையின் பழைய டப்பாவில் கிடந்த கறுத்த போல்டில் "8.8". பார்வைக்கு மின்னுவதுதான் உயர்ந்தது போலத் தெரியும். எண்கள் வேறு கதை சொல்கின்றன: 8.8 போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்குவது 640 மெகாபாஸ்கலில்; ஏ2-70 எவர்சில்வர் போல்ட் 450இலேயே நீளத் தொடங்கும். பாரம் தாங்கும் இடத்துக்கு, தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை, துத்தநாகம் பூசிய 8.8தான் என் தேர்வு. மினுக்கம் வேண்டுமென்றால் மூடியில் இருக்கட்டும்.

வீட்டில் வேலை செய்வதற்கும் எல்லை உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுக்கக்கூடாது. ஸ்டாண்ட் வைத்துத்தான் படுக்க வேண்டும். பம்பரைப் பிடிக்க ஒருவர், போல்டு போட ஒருவர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையழுத்தத்தால் இறுக்குவது வேலையைப் பாதியில் விடுவதற்குச் சமம். சட்டகத்தில் ஏற்கெனவே துளை இருந்து, கைகள் அதில் நேராக உட்கார்ந்தால் இது வீட்டு வேலை. புதிதாகத் துளைக்கவோ வெல்டிங் வைக்கவோ வேண்டியிருந்தால் அந்த நிமிடமே தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். வெப்பம் பட்ட சட்டகத்தின் பலத்தை வீட்டு வாசலில் வைத்து யாராலும் சோதிக்க முடியாது.

சட்டமும் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறது. இந்நாட்டில் 2001 செப்டம்பர் 1க்குப் பின் பதிவான ட்ரைக்குகளுக்கு இலக்கத் தகடு பின்னால் மட்டும்தான். பம்பர் அதை மறைத்தாலோ தகட்டு விளக்கின் ஒளியைத் தடுத்தாலோ எம்.ஓ.டி. என்னும் வருடாந்த வாகனப் பரிசோதனையில் தோற்கலாம், 1,000 பவுண்டு வரை அபராதமும் வரலாம். ஸ்டோன்பிரிட்ஜ் ஏஸ் கஃபேக்கு வெளியே ஒரு மாலை நின்ற ட்ரைக்குகளைக் குனிந்து பார்த்தபோது, ஒன்றில் அழகான இரட்டைக் குழாய், தகட்டின் மேல்வரியின் மீது கரிய நிழலைப் போட்டிருந்தது. 450 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரைக்கென்றால் நான்காம் வகுப்புப் பரிசோதனை நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, அவர்கள் கேட்ட கேள்விக்குக் கவனமின்றித் தவறான பதில் சொல்லியிருந்தால் இழப்பீட்டைக் குறைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்த பின் என் தீர்ப்பு: சட்டகத்தின் பழைய துளைகளிலேயே உட்காரும், காரின் பம்பர் உயரத்துக்கு வரும், விளக்கையும் தகட்டையும் மறைக்காத பம்பரை வீட்டிலேயே பூட்டலாம், பூட்டுவது பயனும் தரும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பூட்ட வேண்டாம். உயிர்க்காப்பு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். அந்தக் காசைப் பின்னால் வருபவரின் கண்ணில் படும் விளக்குக்குச் செலவழியுங்கள்.

அண்ணையின் பம்பர் மூன்றிலும் தேறியது. ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் எடுத்துப் பூட்டினோம். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி ரெஞ்சை வைத்தபோது, இடப்பக்க நட்டு ஒன்று கால் சுற்றுச் சுற்றியது. அன்றே அவர் உயரத்தில் வைக்கும் இன்னொரு பிரேக் விளக்குக்கும் ஓர்டர் கொடுத்தார்.