பழைய வீடும் கணினி சொன்ன மிச்சமும்

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்கு அரசு செலவில் வெப்பக் காப்பு செய்து தரும் திட்டம் ஒன்று உண்டு. பரணிலும் சுவரிலும் காப்புப் பொருள் நிரப்பி, காற்றுக் கசியும் இடுக்குகளை அடைப்பார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு எரிபொருள் மிச்சமாகும் என்று கணினி மாதிரி முன்கூட்டியே சொல்லும். ஃபௌலி, கிரீன்ஸ்டோன், வுல்ஃப்ராம் என்ற பொருளியலாளர்கள் மிச்சிகன் மாநிலத்தில் 30,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மாதிரி சொன்ன மிச்சம், உண்மையில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். வீடு கதகதப்பானதும் மக்கள் வெப்பநிலையைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது வழக்கமான சமாதானம். அந்த ஆய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

குறை மாதிரியின் இயற்பியலில் இல்லை. சீரமைப்புக்கு முந்தைய நிலையை அது ஊகிக்கும் விதத்தில் இருக்கிறது என்பேன். பழைய சுவரை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை. அட்டவணையில் உள்ள எண்ணை எடுத்துப் போடுகிறார்கள். பிரிட்டனில் இடைவெளியின்றிக் கட்டிய செங்கல் சுவர், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 2.1 வாட் வெப்பத்தை இழக்கும் என்று கொள்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. நேரில் அளந்தபோது சராசரி 1.3-ஐ ஒட்டியே வந்தது. காப்பிட்ட பின் இழப்பு 0.3 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் 1.8 மிச்சம், சுவரில் 1.0தான். தொடக்க எண்ணில் விழுந்த பிழை அப்படியே மிச்சக் கணக்கில் ஏறிவிடுகிறது.

சுவரோடு மனிதர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளை ஆராய்ந்த சுனிக்கா-பிளாங்க், கால்வின் இருவரும், வீட்டு மதிப்பீடு சொல்வதைவிட மக்கள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே வெப்பத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று 2012-இல் காட்டினார்கள். கசியும் வீட்டில் இருப்பவர்கள் ஓரிரு அறைகளை மட்டும் சூடாக்கிச் சமாளிப்பார்கள். மாதிரியோ வீடு முழுவதும் சூடாக இருப்பதாக எண்ணுகிறது. எரிக்காத எரிபொருளை எப்படி மிச்சப்படுத்துவது?

இதற்காக மாதிரியையே தள்ளிவிடுவது தவறு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 சன்னல்களைக் கட்டடத்திலேயே வைத்துப் புதுப்பித்தார்கள். அதனால் குளிரூட்டும் சுமை குறையும், பெரிய குளிரூட்டும் இயந்திரங்கள் வாங்க வேண்டாம், இருப்பதையே சீர்செய்யலாம் என்று மாதிரி காட்டியது. ஒன்றோடொன்று பின்னிய இந்த விளைவுகளைக் கையால் கணக்கிட்டுத் தீராது. அங்கே ஒப்பந்ததாரர் மிச்சத்துக்கு உத்தரவாதமும் கொடுத்திருந்தார்.

பழைய எரிபொருள் ரசீதுகளோடு மாதிரியை ஒத்துப்பார்ப்பது நல்ல மருந்து, ஆனால் முழு மருந்து அல்ல. சுவர் இழப்பைக் கூட்டியும் காற்றுக் கசிவைக் குறைத்தும் போட்டால் மொத்தம் ரசீதோடு பொருந்திவிடும். சுவருக்குக் காப்பிட்டதும் கணக்கு பிசகும். ஆகவே கசிவையும் சுவரையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

பிரிட்டனில் 2013-இல் தொடங்கிய பசுமை ஒப்பந்தத் திட்டம், மதிப்பிட்ட மிச்சத்தைக் கொண்டே வீட்டுக்காரரின் சீரமைப்புக் கடன் தவணைக்கு வரம்பு கட்டியது. மிச்சம் குறைந்தாலும் தவணை மின் கட்டணத்தோடு வந்துகொண்டிருக்கும். எண் தவறினால் இழப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல், ஒற்றை எண்ணைக் காட்டி ஒரு குடும்பத்திடம் கையெழுத்து வாங்கக் கூடாது.