பதில் சொல்லும் இயந்திரம்

ஐஇஎஃப்பிஆர்14 என்று ஒரு நிரல் இருக்கிறது. அது எந்த வேலையும் செய்யாது. கூப்பிட்டதும் வரும், வந்த கையோடு திரும்பிப் போய்விடும். ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினிகளில் 1960களில் வந்த அந்த நிரல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மெயின்ஃபிரேமில் ஒரு கோப்பை உருவாக்கவோ அழிக்கவோ வேண்டுமானால் ஜேசிஎல் என்ற கட்டளை மொழியில் எழுதிக் கொடுக்கலாம். அப்படி எழுதும்போது ஏதாவது ஒரு நிரலை ஓட்டச் சொல்லியே ஆக வேண்டும். ஓட்ட வேறு நிரல் இல்லாதவர்கள் இதன் பெயரைப் போடுவார்கள். கோப்பு வேலையை இயக்க மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

முதலில் எழுதப்பட்டபோது அதில் இருந்தது ஒரே ஒரு கட்டளை: 14ஆம் ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) உள்ள முகவரிக்குத் திரும்பிப் போ. அந்த ஒற்றைக் கட்டளை நிரலிலும் ஒரு பிழை இருந்தது. மெயின்ஃபிரேமில் எந்த நிரலும் முடியும்போது, தான் எப்படி முடிந்தேன் என்பதை 15ஆம் ரெஜிஸ்டரில் ஒரு எண்ணாக வைத்துவிட்டுப் போக வேண்டும். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். இந்த நிரல் அங்கே ஏற்கெனவே கிடந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அடுத்து ஓட வேண்டிய வேலை அந்த எண்ணைப் பார்த்து, முந்தையது கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பிறகு இன்னொரு கட்டளையைச் சேர்த்தார்கள்: 15ஆம் ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கு.

மெயின்ஃபிரேமை நான் ரசிப்பதற்கான காரணம் முழுவதும் இந்தச் சிறு கதைக்குள் இருக்கிறது. ஒன்றும் செய்யாத நிரலுக்குக்கூட, "சரியாக முடித்தேன்" என்று சொல்லும் கடமை இங்கே உண்டு. வேகம், கொள்ளளவு, விலை பற்றியெல்லாம் பேசலாம். ஆனால் இந்தத் தொழிலின் அழகு, பொறுப்புக்கு அது வைத்திருக்கும் மரியாதையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த இயந்திரத்துக்கும் அரை நூற்றாண்டுப் பழக்கம். ஜெர்மன் உதவியில் உருவான சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370/155 வந்தது. கான்பூரிலிருந்து வந்த பேராசிரியர் எச்.என்.மகாபலா அங்கே கணினி மையத்தின் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அங்கே படித்தவர். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோதும் அது விட்டுச்சென்ற இயந்திரங்கள் நின்றுபோகவில்லை. பராமரிப்பை அரசு நிறுவனமான சிஎம்சி எடுத்துக்கொண்டது. 1990களில் சென்னையில் கோபோல் என்ற கணினி மொழி படித்தவர்களுக்கு அமெரிக்கக் கதவு திறந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டில் தடுமாறும் என்ற அச்சத்தில் உலகமே ஆள் தேடியது. தென்காசிச் சீமையிலிருந்து ரயிலேறிப் போன பல பிள்ளைகளுக்கு முதல் சம்பளம் தந்தது அந்த வேலைதான்.

கோபோல் மொழி 1959இல் அமெரிக்காவில் ஒரு குழு கூடி வகுத்தது. கிரேஸ் ஹாப்பர் முன்பே உருவாக்கியிருந்த மொழிதான் அதற்கு முக்கிய அடித்தளம். கணக்கர் ஒருவர் வாசித்தாலும் புரிய வேண்டும் என்பது நோக்கம். எங்கே எதை எழுதுவது என்பதற்கே அதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஏழாவது பத்தியில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி குறிப்பு. எட்டில் தலைப்பு தொடங்கும். பன்னிரண்டில் வாக்கியம் தொடங்கும். 72இல் எழுத்து நின்றுவிடும். முதல் ஆறு பத்திகள் வரிசை எண்ணுக்கு, கடைசி எட்டு நிரலின் அடையாளத்துக்கு. இதெல்லாம் 80 பத்தித் துளை அட்டைக் காலத்து வழக்கம். அட்டைக் கட்டு கைதவறி விழுந்து சிதறினால், அந்த எண்களை வைத்துத்தான் மறுபடி அடுக்க முடியும்.

கோபோல் எழுதுபவரின் கைத்திறன் முற்றுப்புள்ளியில் தெரியும். 1985 தரம் வருவதற்கு முன், "இப்படி இருந்தால்" என்று தொடங்கும் நிபந்தனை எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல முற்றுப்புள்ளியை விட்டால் வழியில்லை. ஒரு வரி முன்னதாகப் புள்ளி விழுந்துவிட்டால், சிலருக்கு மட்டும் போக வேண்டிய தள்ளுபடி எல்லோருக்கும் போய்விடும். அதனால் நல்ல கை உள்ளவர்களின் நிரலைப் படிக்கும்போது ஒரு நிதானம் தெரியும். நிரலின் பகுதிகளுக்கு 1000, 2000 என்று எண்ணிட்டுப் பெயர் வைத்திருப்பார்கள். தொடக்கம், நடுவேலை, முடிப்பு என்று கண் தானாக இறங்கும். நாற்பது வருடம் கழித்து முகம் தெரியாத ஒருவர் இதைத் திறப்பார் என்று நினைத்து எழுதியதுபோல இருக்கும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது, எண்ணை வைக்கும் முறை. பெரும்பாலான கணினி மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் சாதாரணமாகக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பின்னங்களை இரண்டின் அடுக்குகளாக வைப்பதால் நேரும் சிறு பிசகு இது. ராக்கெட் பாதை கணக்கிடுபவருக்கு அது பொருட்டில்லை. ஆனால் கோடிக்கணக்கான கணக்குகளுக்கு ஒரே இரவில் வட்டி போடும் இடத்தில் அது சங்கடம். மெயின்ஃபிரேமோ நாம் தாளில் எழுதுவதுபோலவே இலக்கம் இலக்கமாக வைக்கும். 12345 என்ற எண் மூன்று பைட்டுகளில் 12, 34, 5சி என்று அமரும். கடைசி அரை பைட்டில் உள்ள சி என்றால் கூட்டல் எண், டி என்றால் கழித்தல் எண். இப்படி வைத்த எண்களை நேரடியாகக் கூட்ட, கழிக்க, பெருக்க, வகுக்க 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 தொடரிலேயே தனிக் கட்டளைகளை வைத்துவிட்டார்கள். பத்துப் பைசாவும் இருபது பைசாவும் முப்பது பைசாதான்.

அந்த முறைக்கே உரிய ஒரு கோபமும் உண்டு. எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது கிடந்தால், இயந்திரம் தோராயமாக எதையாவது போட்டுக் கூட்டிவிட்டுப் போகாது. அந்த நொடியே வேலையை நிறுத்தி எஸ்0சி7 என்று சொல்லிவிடும். நிறுத்திய கணத்தில் நினைவகம் எப்படி இருந்தது என்பதையும் அச்சிட்டுத் தரும். அதற்கு டம்ப் என்று பெயர். பக்கம் பக்கமாக எண்களும் எழுத்துகளும் மட்டுமே. பழகிய கண் அதில் குறிப்பிட்ட இடத்துக்குப் போகும், அங்கே 404040 என்று இருக்கும். ஐபிஎம்மின் எழுத்துக் குறிமுறையில் 40 என்றால் வெற்றிடம். அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிடும்: யாரோ தொகையை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். அதிகாலையில் டம்ப் படித்துக் காரணம் கண்டுபிடித்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். ஊகத்துக்கு அங்கே வேலையே இல்லை. நடந்தது முழுவதும் கண்ணெதிரே கிடக்கும்.

ஜேசிஎல்லை எல்லோரும் திட்டுவார்கள். ஒரு காற்புள்ளி தவறினாலும் ஏற்காது. ஆனால் அதில் டிஸ்ப் என்று ஒரு பகுதி உண்டு, அதை நான் மனதாரப் பாராட்டுவேன். கோப்பு ஒன்றைக் குறிப்பிடும்போது அடைப்புக்குறிக்குள் மூன்று சொற்கள்: நியூ, கேட்லாக், டெலீட். முதலாவது, இந்தக் கோப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது. இரண்டாவது, வேலை நல்லபடியாக முடிந்தால் அதை என்ன செய்வது. மூன்றாவது, வேலை பாதியில் விழுந்தால் என்ன செய்வது. வேலை தொடங்கும் முன்பே, அது கெட்டுப்போனால் என்ன செய்வாய் என்று இயந்திரம் கேட்கிறது. இந்த ஒரு கேள்வியை எல்லாத் துறைகளும் கேட்கப் பழகினால் நாட்டுக்கு எவ்வளவோ நல்லது.

மனிதர்களிடம் கேட்பதை இயந்திரம் தனக்கும் விதித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு கட்டளை ஓடும்போதே வன்பொருள் தன்னைச் சோதித்துக்கொள்கிறது. பிசகு தெரிந்தால் அதே கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. அப்போதும் சரிவராவிட்டால், சும்மா காத்திருக்கும் உபரி ப்ராசஸர் ஒன்று வேலையை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது நடந்ததே தெரியாது. தகுந்த ஏற்பாடுகளோடு அமைத்தால் தன் புதிய மெயின்ஃபிரேம்கள் 99.999999 சதவீத நேரம் இயங்கும் என்பது ஐபிஎம்மின் கணக்கு. ஒரு வருடத்தில் அரை நொடிக்கும் குறைவாகவே நிற்கும் என்று அதற்கு அர்த்தம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு வாக்குறுதி இருக்கிறது: இன்று எழுதிய நிரல் நாளைய இயந்திரத்திலும் ஓடும். முன்பு ஐபிஎம்மிலும் ஒரு மாடல் வாங்கி, அது போதாமல் பெரியது வாங்கினால், நிரல்களை மறுபடி எழுத வேண்டியிருந்தது. சிஸ்டம்/360 அந்த வழக்கத்தை முறித்தது. சிறியதோ பெரியதோ, ஒரே கட்டளைத் தொகுதி. பிறகு முகவரி அளவு 24 பிட்டிலிருந்து 1980களில் 31க்கும், 2000இல் 64க்கும் வளர்ந்தது. பழைய நிரல்களை அப்போதும் கைவிடவில்லை. 2025 ஏப்ரலில் இசட்17 என்ற புதிய இயந்திரம் அறிமுகமானது. அதன் ப்ராசஸரிலேயே செயற்கை நுண்ணறிவுக்கான பகுதி இருக்கிறது. ஒரு அட்டைப் பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே அது மோசடியா என்று கணித்துவிடலாம். அதே இயந்திரம் பல பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்துப் போன வட்டிக் கணக்கையும் ஓட்டுகிறது. லினக்ஸ், ஜாவா, பைத்தான் எல்லாம் அதிலேயே ஓடுகின்றன.

மெயின்ஃபிரேம் எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரான வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கே தென்காசியைத் தாண்டினால் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் இருக்கிறது. கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்று காட்டிய இடம் அது. இணையம் வழியே விற்கும் மென்பொருள் வாரந்தோறும் மாற வேண்டும், மாறுவதுதான் அதன் உயிர். வங்கிப் பேரேடு அப்படியில்லை. அது நேற்றுச் சொன்ன இருப்பையே இன்று காலையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றுசேர முடியும். எங்கள் ஊர்ச் சிந்தாமணிநாதர் கோயிலில் இறைவன் அர்த்தநாரீஸ்வரராக நிற்கிறார்: ஒரே திருமேனி, இரண்டு பாகம். நியூஜெர்சியில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளை கைப்பேசியில் பணம் அனுப்பும்போது நடப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். விரல் தொடும் பாகம் புதியது. பெரிய வங்கிகளில் பணத்தைக் கழித்துக் கூட்டி எழுதும் பாகம் பல இடங்களிலும் மெயின்ஃபிரேம். இரண்டும் சேர்ந்தால்தான் அது வங்கி.

பிரிக்கும்போது படும் பாட்டுக்கும் உதாரணம் உண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, அதுவரை தான் சார்ந்திருந்த லாயிட்ஸ் வங்கியின் அமைப்பிலிருந்து தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்தது, ஆனால் புதிய அமைப்பு தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022இல் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விழுந்தது. புதியது கெட்டது என்பதல்ல இதன் பாடம். பழைய அமைப்பு சத்தமில்லாமல் சுமந்த பாரம் எவ்வளவு என்பதை அதை இறக்கி வைக்கும் நாளில்தான் பலரும் அறிகிறார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அங்கே இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை, அதை அறிந்த ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கும் ஆட்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் இங்கே காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அங்கே ஊர் உறங்கும்போது அன்றைய வரவு செலவையெல்லாம் கணக்கில் ஏற்றும் பேட்ச் வேலைகள் ஓடும். அதைக் கவனிப்பவருக்குத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. மேற்கு மலை தெரியும் ஜன்னலோரம், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். இந்த ஊரிலிருந்தே அந்த வேலையைச் செய்பவன் என்பதால் சொல்கிறேன்: நம் பக்கத்துக் கல்லூரிகள் இதைப் பழங்கதை என்று ஒதுக்குவது பெரிய இழப்பு.

கற்றுக்கொள்ளக் காசும் வேண்டாம். ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் பயிற்சி இலவசம், உண்மையான மெயின்ஃபிரேமிலேயே பழகலாம். அது வேண்டாமென்றால், ரோஜர் பௌலர் எழுதிய ஹெர்குலிஸ் என்ற மென்பொருளைச் சாதாரண மடிக்கணினியில் ஏற்றி, எம்விஎஸ் 3.8 என்ற பழைய இயக்க மென்பொருளை அதில் ஓட்டலாம். இதைப் படிக்கும் மாணவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் நிரலாக வணக்கம் சொல்லும் நிரலை எழுதாதீர்கள். ஒரு கடனுக்கு வட்டி போடும் நிரலை எழுதுங்கள். தொகை இருக்க வேண்டிய இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு ஓட்டுங்கள். இயந்திரம் நிறுத்தும். டம்பைத் திறந்து, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். அதன் பிறகு கிளவுடுக்குப் போங்கள், செயற்கை நுண்ணறிவுக்குப் போங்கள். மற்றவர் பணத்தைத் தொடும் நிரல் தன் ஒவ்வொரு செயலுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் உங்களோடு எல்லா இடத்துக்கும் வரும்.