யாருக்கு இருட்டு?

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். ஐரோப்பிய வரலாறு எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாடமாகத்தான் தெரியும். 476இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசனை இறக்கினார்கள், நாகரிகம் அழிந்தது, இருண்ட காலம். 800இல் கிறிஸ்துமஸ் அன்று ஷார்லமேன் முடிசூடினான், மறுபடி வெளிச்சம். மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியாச்சு. யாருக்கு இருட்டு என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது எய்லீன் பவரின் 'மெடிவல் பீப்பிள்' (1924). ராஜாக்களை ஒதுக்கிவிட்டு, போடோ என்கிற உழவனை நடுவில் நிறுத்துகிறார் பவர். எங்கே பிடித்தார் அவனை? பாரிஸ் பக்கத்து சான் ஜெர்மான் மடத்தின் கணக்கேட்டில். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடாதிபதி இர்மினோன் எழுதவைத்தது. போடோ, பெண்டாட்டி எர்மன்ட்ரூட், இருவருக்கும் பேர் இருக்கிறது, கூடவே பிள்ளைகள் மூணு பேர். பாசத்தில் எழுதிய பேர் இல்லை. படைக்கு 2 ஷில்லிங், காட்டில் பன்றி மேய்க்க 2 பீப்பாய் ஒயின், 3 கோழி, 15 முட்டை, வாராவாரம் மடத்து நிலத்தில் உழைப்பு. கொடுக்கவேண்டியது இருந்ததால்தான் பேர்.

ஒரு பாக்கிக் கணக்கை மனுசக் கதையாக வாசித்துக் காட்டியது பவரின் பெரிய காரியம். மறுக்கவில்லை. என் சண்டை வேறு.

பவர் இறந்தபின் 1963 பதிப்பில் அவருடைய இன்னொரு கட்டுரையும் சேர்ந்தது: ரோமின் வீழ்ச்சி பற்றியது. அதில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் யார்? அவ்சோனியஸ், சிடோனியஸ் மாதிரியான நிலச்சுவான்தார்கள், பிஷப்புகள். தன் பண்ணைவீட்டுக் குளியலறையை விஸ்தாரமாக வர்ணித்துக் கடிதம் எழுதியவர் இந்த சிடோனியஸ். பக்கத்தில் வந்து குடியேறிய பர்கண்டியர்கள்மேல் வெங்காயமும் பூண்டும் நாறுகிறது என்று முகம் சுளித்துக் கவிதையும் எழுதினார். அந்த மூக்கு நமக்குப் பழக்கமானதுதான். அவர்களுடைய துக்கம் அப்படியே நாகரிகத்தின் துக்கமாகிவிடுகிறது. போடோவின் பாட்டன், முப்பாட்டனைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டிருந்தால்? கணக்கேடு போடோவை 'கொலோனஸ்' என்கிறது. ரோமானியச் சட்டத்தின் வார்த்தை. ஓடிப்போக நினைக்கும் கொலோனஸைச் சங்கிலியில் பூட்டலாம் என்று 332இல் சட்டம் போட்டவன் கான்ஸ்டன்டைன். பேரரசு போயிற்று, ஐந்நூறு வருசம் கழித்தும் அந்த வார்த்தை மடத்து ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது? வரி வாங்கும் அரசு நொறுங்கியபின் பல பகுதிகளில் பெருநிலக்காரர்களின் பிடி தளர்ந்தது, குடியானவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள் என்று கிறிஸ் விக்கம் 2005இல் விரிவாக எழுதினார். எல்லா இடத்திலும் அல்ல. பாரிஸைச் சுற்றி பணக்காரன் பணக்காரனாகவே இருந்தான். ஆனாலும் பளிங்குக் குளியலறை இடிந்துபோன காலம், அதற்குத் தண்ணீர் சுமந்தவனுக்கும் இருட்டுதானா? 'வெளிச்சம்' திரும்பியபோது அவன் வாசலுக்கு வந்தது கோழி எண்ணும் கணக்குப்பிள்ளைதானே?

பவரின் இரண்டு கட்டுரைகளும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. வாசிக்கிற நாம்தான் பேசவைக்க வேண்டும். நாகரிகம் அழிந்தது என்று இனி எவன் எழுதினாலும், எர்மன்ட்ரூட்டைக் கேட்டாயா என்று கேட்போம்.